பின்குறிப்புக்குப் பதில்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் வலது முட்டி மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. அங்கே நீ, உன் பெண்டாட்டி டீச்சர், உன் வயிற்றெரிச்சல் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து, அத்தனை பேர் முன்னால், "இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனாய். பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்று வாரமாகப் போனை எடுக்காமல் வாக்கைக் காப்பாற்றுகிறாய். அதைக் கெடுக்க நான் யார்? அதனால் தபால். தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நாலு தெரு நடந்தேன். முட்டியின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பிறகு நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரியக்கூடாது பார். உன் கம்பெனி ஃபண்டின் விண்ணப்பத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாய். பேனாவின் மூடியைக்கூட நீயே கழற்றி வைத்திருந்தாய். நான் அதன் மேல் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைத்தேன். விரிப்பு புதுசு, கைக்குக் கிடைத்தது அதுதான். தப்புதான். ஆனால் பாத்திரம் வைக்காமல் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வாய்க்குப் பல் செட் செய்து சேர்த்த பணம் அது. லேபில் பாலிஷ் மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, தும்மினால் இளஞ்சிவப்புத் தூள் வருகிறது எனக்கு. அறுபது வயதோடு நிறுத்திவிட வேண்டும், இன்னும் ஒன்பது வருஷம். அதற்கப்புறம் எனக்கும் உன் அத்தானுக்கும் இந்தப் பணம்தான் சம்பளம். பிள்ளை குட்டி கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பென்ஷனும் கிடையாது.

அதில் பத்துக்கு ஆறு பங்கை, நாட்டின் பெரிய ஐந்நூறு கம்பெனிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருக்கிறேன். இரண்டு பங்கு வெளிநாட்டுக் கம்பெனிகள், அதுவும் அதே மாதிரி மொத்தமாக. மிச்சம் இரண்டு பங்கு அரசாங்கக் கடன் பத்திரம், தூக்கம் வருவதற்காக. இதை உருவி உன் ஃபண்டில் போட மாட்டேன். இம்போசிஷன் மாதிரி நூறு தரம் எழுதச் சொன்னாலும் எழுதித் தருகிறேன்.

டீச்சரைக் கேட்டதாகச் சொல்.

உன் பிடிவாதக்கார அக்கா

பின்குறிப்பு: ஊரார் பணத்தை எங்கே போட வேண்டும் என்று சொல்கிறாயே, உன் சொந்தப் பணம் எதில் இருக்கிறது?


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். வயிறு பரவாயில்லை. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அத்தானை வண்டி மெதுவாக ஓட்டச் சொல்.

பேச மாட்டேன் என்றது பேச மாட்டேன்தான். தொழில் விஷயத்தில் தவறான எண்ணம் பரவக்கூடாது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஃபண்டில் பதினான்கு நிபுணர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் நேரில் போய், நல்லதை எடுத்து, கெட்டதைத் தள்ளுகிறார்கள். உன் இண்டெக்ஸ் ஃபண்டு நல்லது, சொத்தை எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி மூட்டை கட்டுகிறது. அதன் உச்சபட்ச லட்சியமே சராசரியாக இருப்பதுதான். ஏழாம் வகுப்பில் நான் சராசரி மார்க் வாங்கியபோது காதைத் திருகியவள் நீ. இப்போது உன் முதுமையை மட்டும் சராசரியிடம் ஒப்படைக்கலாமா?

விண்ணப்பம் இன்னொன்று இணைத்திருக்கிறேன். இது சின்ன அளவு. பாத்திரம் வைக்க உதவாது.

இப்படிக்கு,
தம்பி
(முதுநிலை முதலீட்டு ஆலோசகர்)


மார்ச் 2

அன்புள்ள முதுநிலைத் தம்பிக்கு,

கூடப்பிறந்தவளுக்கு எழுதுகிற கடிதத்துக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பு குத்தின முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். உன் அத்தான் அதை நாலு தரம் வாய்விட்டுப் படித்தார். ஒத்தடம் கொடுத்தேன். முட்டி சமாதானப் பேச்சுக்கு வந்திருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, காலி வயிற்றில் காப்பி குடிக்காதே.

போன வருஷம் ஒருவர் வந்தார், ஓய்வு பெற்ற நாடக நடிகர். மேலே ஆறு, கீழே ஆறு, முன்பல் மட்டும் உயர்ந்த ரகத்தில் வேண்டும், கடைவாய்ப்பல் எதற்கு, யார் பார்க்கிறார்கள் என்றார். டாக்டரும் அவர் தொல்லை தாங்காமல் எழுதிக்கொடுத்துவிட்டார். செய்தோம். சிரித்தால் தெருவே வெளிச்சம். பத்தாம் நாள் திரும்பி வந்தார். கடித்தால் செட்டு முன்பக்கம் குப்புற விழுகிறது. வாயில் நிற்க வேண்டுமென்றால் இருபத்தெட்டுப் பல்லும் வேண்டும் தம்பி. எது என்றைக்குக் கடிக்கும், எது சும்மா இருக்கும் என்று எந்த நிபுணரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் முழு செட்டாக வாங்கியிருக்கிறேன். சராசரி வாய் என்று நீ சொன்னால், ஆமாம், சராசரி வாய்தான். சாப்பிடுகிறது.

நீ அனுப்பிய சின்ன அளவு விண்ணப்பத்தை, பல்லில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் இருந்தது: வருஷக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு. லாபம் வந்தாலும் இரண்டு, நஷ்டம் வந்தாலும் இரண்டு. என்னுடையதில் ஆயிரத்துக்கு ஒன்று. இரண்டுதானே என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை, கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு பல்லோடு உன் ஃபண்டுக்குள் நுழைகிறவர், இருபது வருஷம் கழித்துப் பத்துப் பல்லைப் பதினான்கு நிபுணர்களிடம் விட்டுவிட்டு வெளியே வருவார். என் ஃபண்டில் ஒரு பல்லில் முக்கால்கூடப் போகாது. டீச்சரிடம் காட்டு, தப்பிருந்தால் சுழிக்கச் சொல்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மேஜையில் அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. என் பக்கத்து மேஜையில் மெழுகில் ஈறு செதுக்குகிறாளே, மெழுகுக்காரி, அவளை மூன்று வருஷத்துக்கு முன் உன்னிடம் அனுப்பி வைத்தது நான். "என் தம்பி, கண்ணை மூடிக்கிட்டுக் கொடு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தாள். மூன்று வருஷத்தில் பாங்கில் சும்மா போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டிகூட வரவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. டீ நேரத்தில் அந்தக் காகிதத்தைப் பிரித்து, "இது சரியா வருமாக்கா?" என்று மட்டும் கேட்கிறாள். நான் டீயில் ஈ விழுந்த மாதிரி கிளாசுக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பூதக்கண்ணாடியை அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

சராசரி அக்கா

பின்குறிப்பு: போன கடிதத்தின் பின்குறிப்பு உன் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. உன் சொந்தப் பணம் எதில் இருக்கிறது?


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு வேலைதான் காரணம். முட்டி குணமானது பற்றி மகிழ்ச்சி. காப்பியை நிறுத்திவிட்டேன்.

பல் உதாரணம் படிக்க நன்றாக இருந்தது. டீச்சர் சிரித்தாள். கணக்கில் அவள் எதுவும் சுழிக்கவில்லை.

ஆனால் நிபுணத்துவத்துக்கு விலை உண்டு. எங்கள் ஃபண்டு இந்த வருஷம் ஐந்து நட்சத்திர விருது வாங்கியிருக்கிறது. ஜூன் முப்பதுக்குள் சேருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் தள்ளுபடி. உனக்காக மேலாளரிடம் தனியாகக் கேட்டு வாங்கினேன். முழுப் பணம் வேண்டாம். பாதி போதும். யோசி.

உன் தோழியின் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை என்று சொல்.

தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்டாம்பைக் காணோமே. மை தீர்ந்துவிட்டதா? இங்கே நலம். உன் அத்தான் ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார். மெக்கானிக்கே மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று வெளியே ஒரு கூட்டமே கூடி விவாதித்திருக்கிறது. உள்ளே நன்றாகத் தூங்கினாராம்.

விருது விஷயத்துக்கு வருகிறேன். லேபில் என் மேஜை இழுப்பறையை ஒழித்தேன். அடியில் விரித்திருந்தது எது என்கிறாய், ஏழு வருஷத்துக்கு முன் நீ கொடுத்த விளம்பரத் தாள். "ஐந்து நட்சத்திர ஃபண்டுகள் ஐந்து" என்று தங்க எழுத்தில் போட்டு, உன் போட்டோவும் இருக்கிறது, அப்போது உனக்கு முடி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அந்த ஐந்தையும் தேடினேன். இரண்டை இழுத்து மூடி வேறு ஃபண்டோடு கலந்துவிட்டார்கள், பேர்கூட மிஞ்சவில்லை. இரண்டு என் ஐந்நூறு கம்பெனி மூட்டைக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. ஒன்று முந்தியிருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஐந்தில் அது எது என்று அன்றைக்கு உனக்கும் தெரியாது, உன் பதினான்கு பேருக்கும் தெரியாது. போட்டோவில் என்னவோ ஐந்தும் உன் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

பாதியும் போட மாட்டேன். கால்வாசியும் மாட்டேன். மெழுகுக்காரிக்குப் பொறுமையைச் சொன்னேன். அது அவளிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறதாம். வேறு ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னாள்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: உன் சொந்தப் பணம்? இது மூன்றாவது தரம். இதுவும் இம்போசிஷன்தான்.


ஜூன் 5

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செய்தி பார்த்திருப்பாய். ஐந்து வாரத்தில் சந்தை ஐந்தில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. உன் ஐந்நூறு கம்பெனியும் கையைக் கோத்துக்கொண்டு சேர்ந்தே விழுந்திருக்கின்றன. எங்கள் ஃபண்டும் விழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்களிடம் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். உன்னுடையதில் ஓட்டுநரே இல்லை.

இப்போது வெளியே எடுத்து இங்கே மாற்று. ஜூன் முப்பது கடைசி. நான் சொல்வது உன் நன்மைக்கு. இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இது ஒன்றைக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

தம்பி


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமா? நான் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் நலம். இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அவர் உங்களிடம் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். இந்த அரையாண்டுக்கு அவருக்கு ஒரு டார்கெட் வைத்திருக்கிறார்கள். ஜூன் முப்பதுக்குள் அவ்வளவு புதுப் பணம் கொண்டுவரவில்லை என்றால் வேலை இல்லை என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சந்தை விழுந்த பிறகு யாரும் கதவைத் திறப்பதில்லை. உங்கள் பணத்தில் பாதி வந்தால் டார்கெட் முடிந்துவிடும்.

போடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பல் கணக்கை நான்தான் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது. ஆனால் நிலைமை தெரியாமல் நீங்கள் முடிவு எடுக்கக்கூடாது என்று தோன்றியது.

ஒரே ஒரு உதவி. அந்தப் பின்குறிப்பை மட்டும் இனி எழுதாதீர்கள் அண்ணி. அதைப் படித்த அன்றைக்கெல்லாம் அவர் சாப்பிடுவதில்லை.

உங்கள் அன்புள்ள,
டீச்சர் (நீங்கள் வைத்த பெயரே இருக்கட்டும்)


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். நீ சாப்பிடுகிறாயா? சும்மா கேட்கிறேன். வயிற்றுக்காரன் பட்டினி கிடக்கக்கூடாது.

உன் கடிதம் வந்த அன்று முதல்முறையாகக் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஒன்றரை வருஷச் சம்பளம் காற்றில் போயிருந்தது. அன்றைக்கு மதியம் ஒரு கீழ்செட்டில் கடைவாய்ப்பல்லை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை. மெழுகுக்காரி பார்த்துச் சிரிக்காமல் திருத்திக்கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "லிஃப்டு கீழ போகுதுன்னு நடுவுல கதவைத் திறந்து குதிக்கிறவனை நான் பார்த்திருக்கேன். கால் ஒடிஞ்சது லிஃப்டுக்கு இல்ல" என்றார். பிறகு ஸ்பானரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "ஆனா அவன் உன் தம்பி" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

மென்று முடித்துவிட்டேன். மாட்டேன் தம்பி.

நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். அது பொய், என் சைக்கிளைக் கேட்டு வாங்கிக் கால்வாயில் விட்டாய். ஆனாலும் நீ கேட்டு நான் இல்லை என்று சொல்வது இதுதான் முதல் தடவை. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று எழுதினால் உன் பக்கம் சாய்ந்துவிடுவேன், அதனால் எழுதவில்லை. ஒருத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு உன்னிடம் அனுப்பினேன். அந்தக் கடனே என் டீ கிளாசில் மிதக்கிறது. இன்னொருத்தியை அனுப்ப மாட்டேன், அந்த இன்னொருத்தி நானாகவே இருந்தாலும். கீழே இருக்கும்போது விற்றுவிட்டு, வருஷாவருஷம் நூற்றுக்கு இரண்டு என்று பல்லைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டு, அறுபது வயதில் பொக்கை வாயோடு உன் முன்னால் நின்றால் உனக்கும் நன்றாக இருக்காது.

பணத்தைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேள். மாடி அறை காலியாக இருக்கிறது. குழாய் சொட்டுகிறது, மற்றபடி நல்ல வெளிச்சம். எந்தக் காரணமும் இல்லாமல், பொதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

அக்கா

பின்குறிப்பு: இந்தத் தடவை பின்குறிப்பு கிடையாது.


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பேசவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன் என்றால் எனக்குப் புறாதான் மிச்சம். எங்கள் மொட்டை மாடிப் புறாக்களை நம்பி எதையும் கொடுத்தனுப்ப முடியாது.

நாங்கள் நலம். முட்டி நலம். உன் அத்தான் மாடி அறைக் குழாயை அவராகவே சரிசெய்துவிட்டார், அதாவது இப்போது இரண்டு இடத்தில் சொட்டுகிறது. சந்தை விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நானும் உட்கார்ந்திருக்கிறேன். மாதாமாதம் போடுகிறதை நிறுத்தவில்லை, போன மாதம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பிடி கூடவே போட்டேன். நாடக நடிகர் முழு செட் கட்டிக்கொண்டு போனார். இப்போது சிரிப்பு கொஞ்சம் மட்டம்தான், ஆனால் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டார்.

மெழுகுக்காரி ஜூன் கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டாள், உறவில் யாருக்கோ உடம்பு சரியில்லையாம். திரும்பி வந்ததிலிருந்து டீ நேரத்தில் அந்தக் காகிதத்தை எடுப்பதே இல்லை. என்னடி என்றால், "உங்க தம்பி நல்லவருக்கா" என்றாள். உடனே மெழுகைச் செதுக்கக் குனிந்துவிட்டாள். நானும் தோண்டவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று உனக்கே தெரியும்.

கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது. வெற்றுத் தாளை மடித்து அனுப்பினாலும் போதும், உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறும் நலம், நிஜமாகவே. உங்கள் நலம் உன் கடிதத்தில் தெரிந்தது. தாளைப் பார்த்துப் பயப்படாதே, டீச்சரின் பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய விடைத்தாள். கம்பெனித் தாள் இனி கிடைக்காது.

உன் கடிதத்தை ஜூன் பதினெட்டாம் தேதி படித்தேன். மூன்று நாள் உன்மேல் கொலைவெறி. மாடி அறை என்று எழுதியிருந்தாய் பார், அந்த இடத்தில் டீச்சர்தான் உன்னிடம் சொல்லிவிட்டாள் என்று புரிந்துவிட்டது. தெரிந்தும் மாட்டேன் என்கிறாளே என்றுதான் கோபம். பின்குறிப்பு இல்லை என்று பார்த்ததும் அது இன்னும் ஏறியது. அது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஜூன் இருபத்தேழாம் தேதி காலை உன் மெழுகுக்காரி அலுவலகத்துக்கு வந்தார். ராத்திரி பூரா ரயிலில் வந்த முகம், கையில் துணிப்பை. என் மேலாளர் அன்றைக்கு என் மேஜை ஓரத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வருகிறவர் யாரையும் நான் நழுவ விடக்கூடாது என்பதற்காக. அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் சராசரி விலை இறங்கும் என்று ஆரம்பித்தவர் அவர்தான். அந்த அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன். உங்க சொந்தப் பணம் எதுல இருக்கு?"

மேலாளர் சிரித்தார். "நம்ம ஃபண்டுலதாம்மா, வேற எங்க இருக்கும். சொல்லுப்பா."

சொல்லுப்பா என்று அவர் சொன்னது என் காலத்துக்கும் மறக்காது. தலையை ஆட்டியிருந்தால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். பதினோரு வருஷமாக அப்படித்தான் ஆட்டியிருக்கிறேன்.

"இல்லம்மா. இண்டெக்ஸ் ஃபண்டுல இருக்கு. பதினோரு வருஷமா."

"என்ன பேசறோம்னு பார்த்துப் பேசு" என்றார் மேலாளர்.

"பார்த்துதான் சார் பேசறேன். அவங்க விரல் நகத்துல மெழுகு இருக்கு."

அவ்வளவுதான் அக்கா. அந்த அம்மாவின் பணத்தை வெளியே எடுக்கும் படிவத்தை நானே பூர்த்தி செய்து, நானே ஸ்டாம்பு குத்தினேன். அந்த ஸ்டாம்பின் கடைசிக் குத்து அதுதான். மதியம் என் மேஜையை ஒழித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வி வராமல் இருந்தாலும் முப்பதாம் தேதி வேலை போயிருக்கும். ஆனால் இவ்வளவு நன்றாகப் போயிருக்காது.

நீ மூன்று தரம் கேட்டதற்கு முழுப் பதிலையும் எழுதிவிடுகிறேன். சேர்ந்த முதல் மாதம் பயிற்சி வகுப்பில் கட்டணத்தை எப்படி வாடிக்கையாளர் கண்ணில் படாமல் சொல்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாக டீச்சரிடம் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவால் இருபது வருஷக் கணக்கைப் போட்டு, அடியில் கோடு கிழித்து, தாளை என் பக்கம் தள்ளினாள். மறுநாள் எங்கள் சேமிப்பை இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டோம். மறுநாளே ஊராரிடம் மற்றதை விற்கவும் ஆரம்பித்தேன். உன் பல் கணக்கைப் பார்த்து அவள் சிரித்தது உதாரணத்துக்காக இல்லை. அதே விடை, அதே கோடு.

அந்தப் பணம் இப்போது கீழேதான் கிடக்கிறது. வேலை இல்லை, ஆனாலும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன். மாட்டேன் என்று எழுதுவது நன்றாகத்தான் இருக்கிறது, நீ ஏன் அதையே எழுதிக்கொண்டிருந்தாய் என்று புரிகிறது.

டீச்சர் சம்பளத்தில் ஓடுகிறது. முன் அறையில் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். யாருக்காவது கணக்குப் பார்த்துச் சொன்னால் மணிக்கு இவ்வளவு என்று கூலி. கமிஷன் கிடையாது, விற்க எதுவும் கிடையாது. முதல் வாடிக்கையாளர் மெழுகுக்காரி, தபாலில். இருக்கிற கூலியிலும் பேரம் பேசிக் குறைத்துவிட்டார். இதுவரை மொத்தம் ஐந்து பேர். மேலாளர் காதுக்கு விஷயம் போய், தொழிலைக் கெடுக்கிறேன் என்று ஆள் விட்டு மிரட்டினார். வந்த ஆளை உட்கார வைத்து அவருடைய ஃபண்டு காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் ஆறாவது.

அத்தானை இரண்டாவது சொட்டைத் தொட வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி

பின்குறிப்பு: மெழுகுக்காரி அம்மாவின் ரயில் டிக்கெட் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் கேள்வி பென்சிலில் எழுதியிருந்தது, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. டிக்கெட் எடுத்துக் கொடுத்தது யார்?


ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். முட்டி, அத்தான், குழாய் எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தை லேபில் உரக்கப் படித்தேன். பாலிஷ் மெஷினைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நகத்தில் மெழுகு என்ற இடம் வந்ததும் மெழுகுக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்டர் கலக்கப் போய்விட்டாள். பேரம் பேசியதற்கு வருத்தமில்லையாம், கூலி இன்னும் அதிகம்தானாம்.

மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. நீயும் கேட்கவில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பதினோரு வருஷம் தலையை ஆட்டியதற்கு உன் காதைத் திருக வேண்டும், தபாலில் முடியவில்லை. லேபில் மூன்று பேர் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உன் மேஜைக்கு வழி கேட்கிறார்கள். நான் எழுதித் தரவில்லை. "கண்ணைத் திறந்துக்கிட்டுப் போங்க, ஒன்பதாம் பக்கத்தைப் படிச்சுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். சந்தை நேற்று ஒரு நகக்கண் அளவு ஏறியிருக்கிறது. பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன், உன் அத்தான் பார்த்துவிட்டார்.

அடுத்த மாதம் பள்ளிக்கூட லீவில் டீச்சரை அழைத்துக்கொண்டு வா. மேஜையில் புது விரிப்புப் போட மாட்டேன்.

உன் அன்புள்ள அக்கா

பின்குறிப்பு: தபால்காரர் மழையில் வந்தார். உன் பின்குறிப்பு மட்டும் நனைந்து ஒரு எழுத்தும் தெரியவில்லை. நேரில் கேட்டால் சொல்கிறேன். அதற்கு நீ முதலில் என்னிடம் பேச வேண்டும்.